புற்றுநோய் பற்றிய ஃபார்வர்டு செய்திகள்: எண்களை எப்படிச் சரிபார்ப்பது, எப்படிப் பதில் எழுதுவது?

கேட்டவர்: இளவேனில்

வணக்கம். சுகாதார வதந்திகளுக்கு மறுப்புக் குறிப்பு எழுதும் சிறு குழு ஒன்றுக்காக இதைக் கேட்கிறேன். மற்ற வதந்திகளை இரண்டு வரியில் மறுத்துவிட முடிகிறது. புற்றுநோய் பற்றியவை அப்படியில்லை. தோண்டிப் பார்த்தால் அடியில் மெய்யான ஓர் ஆய்வோ மெய்யான ஓர் எண்ணோ கிடக்கிறது. "இது பொய்" என்று எழுதினால் யாராவது அந்த ஆய்வையே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

இப்போது அதிகம் சுற்றுபவை இவை. பதப்படுத்திய இறைச்சியும் சிகரெட்டும் ஒரே அளவு ஆபத்து என்று உலக சுகாதார நிறுவனமே அறிவித்துவிட்டது, தின்றால் 18% புற்றுநோய். முன்பு அரிதாக இருந்த நோய் இன்று பல மடங்காகிவிட்டது, கைபேசிதான் காரணம். ஒரே பகுதியில் இத்தனை பேருக்கு வந்திருக்கிறது, தண்ணீரில் ஏதோ கலந்திருக்கிறது. கீமோதெரபி 97% தோல்வி. சர்க்கரையை நிறுத்தி உடலைக் காரத்தன்மைக்குக் கொண்டுவந்தால் கட்டி தானாகச் செத்துவிடும், நோபல் பரிசு வாங்கியவர் சொன்னது.

ஒவ்வொன்றிலும் எண் எந்த இடத்தில் வழுக்குகிறது? பதிலை எந்த வரிசையில் எழுதினால் எடுபடும்?

---

பதில் 1: பதிவேடு

இறைச்சி–சிகரெட் செய்தியில் இரண்டு தனித்தனித் தவறுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிரித்து எழுதுங்கள்.

புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களின் பட்டியலைப் போடுவது உலக சுகாதார நிறுவனத்தின் கீழ், பிரான்சின் லியோன் நகரில் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை. 1, 2ஏ, 2பி, 3 என்று பிரிவுகள்: 1-இல் சான்று மிக உறுதி, 2ஏ, 2பி என்று படிப்படியாகக் குறைந்து 3-இல் சான்று போதாது. பிரிவு எண் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இந்தப் பொருளால் மனிதருக்குப் புற்றுநோய் வரக்கூடும் என்பதற்கான சான்று எவ்வளவு உறுதியானது. எத்தனை பேருக்கு வரும், எவ்வளவு உட்கொண்டால் வரும் என்பதெல்லாம் அந்த எண்ணில் இல்லை. 2015-இல் பதப்படுத்திய இறைச்சி 1ஆம் பிரிவில் வைக்கப்பட்டது. அதே பிரிவில் புகையிலை, ஆஸ்பெஸ்டாஸ், மது, சூரியக் கதிர்வீச்சு எல்லாம் இருக்கின்றன. நீதிமன்றத்தில் திருட்டும் ஐயமற நிரூபணமாகலாம், கொலையும் ஐயமற நிரூபணமாகலாம். நிரூபணம் ஒரே அளவு என்பதால் குற்றம் ஒரே அளவு ஆகிவிடாது.

அடுத்தது 18%. தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்பவருக்குப் பெருங்குடல்–மலக்குடல் புற்றுநோய் அபாயம், உண்ணாதவரோடு ஒப்பிட்டால் சுமார் 18% கூடுகிறது என்பதுதான் மூல வாக்கியம். 100 பேரில் 18 பேருக்கு வரும் என்று அது சொல்லவில்லை. வாழ்நாளில் 1,000 பேரில் 50 பேருக்கு இந்த நோய் வருகிறது என்று வைத்துக்கொண்டால், 50-இன் 18% என்பது 9. ஆக 50 என்பது 59 ஆகிறது. புகைபிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயம் 15 முதல் 30 மடங்கு. இறைச்சிக்கு 1.18 மடங்கு. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே பாதி வேலை முடிந்துவிடும். ஆனால் அந்த 9 பேரை "ஒன்றுமில்லை" என்று தள்ளிவிடாதீர்கள். கோடிக்கணக்கானவர்கள் உண்ணும் பொருள் என்றால் அது பெரிய எண்ணிக்கைதான்.

"இத்தனை சதவீதம் கூடுகிறது" என்று எங்கே பார்த்தாலும், எதைவிடக் கூடுகிறது, எத்தனை பேரில் எத்தனை பேர், எவ்வளவு காலத்தில் என்று கேளுங்கள். அடிப்படை எண் கிடைக்காத சதவீதத்தை உங்கள் பதிலில் திரும்ப எழுதவே எழுதாதீர்கள். நீங்களும் அதைப் பரப்பியவர் ஆவீர்கள்.

2பி பிரிவுக்கும் இதே கணக்குதான். 2023 ஜூலையில் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு 2பி-யில் வைக்கப்பட்டபோது, உணவுச் சேர்மானங்களை மதிப்பிடும் நிபுணர் குழு ஏற்கத்தக்க தினசரி அளவை மாற்றவில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்றே வைத்தது. 70 கிலோ எடைக்கு 2,800 மில்லிகிராம். ஒரு டின் பானத்தில் 200 முதல் 300 மில்லிகிராம் இருந்தால், வேறு எதிலும் அஸ்பார்டேம் இல்லாத பட்சத்தில், தினம் 9 முதல் 14 டின் குடித்தால்தான் அந்த எல்லையைத் தாண்ட முடியும்.

கைபேசி அலை 2011-இல் 2பி-யில் வந்தது. "சான்று குறைவு, முற்றிலும் ஒதுக்கவும் முடியாது" என்பதே அதன் பொருள். அந்த அலைக்கு மரபணுவின் வேதிப் பிணைப்பை உடைக்கும் ஆற்றல் கிடையாது. கைபேசி வீட்டுக்கு வீடு பரவிய பிறகும் வட ஐரோப்பாவின் நார்டிக் நாடுகளின் புற்றுநோய்ப் பதிவேடுகளில் மூளைக்கட்டி விகிதம் அதற்கேற்ப ஏறவில்லை. உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் செய்யப்பட்டு 2024-இல் வெளிவந்த தொகுப்பாய்வும் தொடர்பு எதையும் காணவில்லை.

"பல மடங்காகிவிட்டது" என்பதற்கு வருவோம். எண்ணிக்கை வேறு, விகிதம் (லட்சம் பேரில் எத்தனை பேர்) வேறு, வயது சரிக்கட்டிய விகிதம் (முதியவர்கள் கூடுதலா குறைவா என்ற வேறுபாட்டை நீக்கிக் கணக்கிட்டது) வேறு. இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் 50 வயதுக்குக் கீழே லட்சம் பேரில் 50 பேருக்கும், 50-க்கு மேலே லட்சம் பேரில் 500 பேருக்கும் ஆண்டுதோறும் நோய் வருகிறது. ஆக, ஒரே வயதுக்காரருக்கு இரண்டு ஊரிலும் ஒரே அபாயம். முதல் ஊரில் 50-ஐத் தாண்டியவர்கள் 10%, இரண்டாவது ஊரில் 40%. முதல் ஊரின் மொத்த விகிதம் 45 + 50 = 95. இரண்டாவதில் 30 + 200 = 230. இரண்டாவது ஊரில் 2.4 மடங்கு! அங்கே தண்ணீரும் கெடவில்லை, காற்றும் கெடவில்லை, முதியவர்கள் அதிகம், அவ்வளவுதான். ஊருக்குப் பதிலாக 1970, 2020 என்று போட்டாலும் கணக்கு மாறாது. தொற்றுநோயிலும் பிரசவத்திலும் சாகாமல் பிழைத்தவர்கள்தான் புற்றுநோய் வரும் வயதை எட்டுகிறார்கள்.

நாட்டளவில் ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமானால் அமெரிக்காவைச் சொல்லுங்கள். 1991-இல் புற்றுநோயால் இறந்தவர்கள் சுமார் 5.1 லட்சம், 2021-இல் சுமார் 6 லட்சம். அதே 30 ஆண்டுகளில் வயது சரிக்கட்டிய இறப்பு விகிதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. இரண்டும் உண்மை. முதல் எண்ணை மட்டும் காட்டுகிறவர் பொய் சொல்லவில்லை, பாதியை மறைக்கிறார்.

ஒரு பதிவேட்டு வரைபடம் கையில் கிடைத்தால் இதையெல்லாம் பாருங்கள். அது மக்கள்தொகைப் பதிவேடா, மருத்துவமனைப் பதிவேடா? முன்னது ஒரு பகுதியில் வாழும் எல்லோரையும் வைத்து எண்ணுவது. ஒரு மருத்துவமனையின் கணக்கில் வகுக்கும் எண்ணே கிடையாது, அதாவது எத்தனை பேரில் இத்தனை பேர் என்பது தெரியாது. புதிய கருவி வாங்கினாலும் பெயர் பரவினாலும் கூட்டம் கூடும், அது நோய் கூடியதற்கு அடையாளம் ஆகாது. இடையில் பதிவேட்டின் எல்லை விரிந்ததா? இறப்புச் சான்றிதழை மட்டும் வைத்துப் பதிவானவை எத்தனை விழுக்காடு? நுண்ணோக்கியில் உறுதிசெய்யப்பட்டவை எத்தனை? இவை மாறியிருந்தால், ஏறியது நோயா கணக்கெடுப்பா என்று பிரிக்க முடியாது. அதே உறுப்புக்கான இறப்பு விகிதக் கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கடைசியாக, "ஒரே பகுதியில் இத்தனை பேர்". இதைக் கேட்பவர் பயத்தில் கேட்கிறார், பரப்புவதற்காக அல்ல. அதனால் மரியாதையோடு கணக்குப் போட்டுக் காட்டுங்கள். அந்தப் பகுதியின் மக்கள்தொகையை வயது வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வயதுப் பிரிவின் வழக்கமான விகிதத்தால் பெருக்கிக் கூட்டினால் எதிர்பார்க்கும் எண்ணிக்கை வரும். அது 8 என்றும் கண்டது 12 என்றும் வையுங்கள். "ஒன்றரை மடங்கு" என்று தலைப்புப் போடலாம். ஆனால் எந்தக் காரணமும் இல்லாமல், வெறும் தற்செயலாகவே 12 அல்லது அதற்கு மேல் வர வாய்ப்பு சுமார் 11%. ஒரே மாதிரியான 100 பகுதிகளை எடுத்தால் அவற்றில் பத்துப் பதினொன்றில் இப்படித் தெரியும். செய்தியாவது அந்தப் பத்து மட்டுமே. ஆளை எண்ணிவிட்டு அதற்கேற்ப எல்லைக் கோட்டை வரைந்திருந்தால் கணக்கு இன்னும் கெட்டுவிடும்.

எப்போது உண்மையிலேயே ஆராய வேண்டும்? பலவகைப் புற்றுநோய்கள் கலந்து இருந்தால் பொதுக்காரணத்துக்கு வாய்ப்புக் குறைவு. ஒரே வகை, அதுவும் அரிய வகை, வழக்கத்துக்கு மாறான வயதில், ஒரே பொருளோடு புழங்கியவர்களுக்கு வந்தால் உடனே சுகாதாரத் துறைக்கு எழுத வேண்டும். 1974-இல் அமெரிக்காவில் ஒரே பிளாஸ்டிக் ஆலையின் தொழிலாளர்கள் சிலருக்குக் கல்லீரல் இரத்தக்குழாய்ப் புற்றுநோய் வந்ததைக் கவனித்துத்தான் பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் வினைல் குளோரைடு பிடிபட்டது. அந்த நோய் அவ்வளவு அரிது என்பதால் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களே போதுமாயிற்று. எழுதும்போது ஒவ்வொருவருக்கும் முதலில் தொடங்கிய உறுப்பு எது, கண்டறிந்த ஆண்டு, அங்கே குடிவந்த ஆண்டு, செய்த தொழில் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். "ஈரலில் புற்றுநோய்" என்று சொல்லப்படுவதில் பல, குடலில் தொடங்கி ஈரலுக்குப் பரவியவை. இரண்டு ஆண்டுக்கு முன் குடிவந்தவரின் கட்டிக்கு அந்த ஊர்த் தண்ணீரைக் காரணம் சொல்லவும் முடியாது. திடக்கட்டிகள் (இரத்தப் புற்றுநோய் அல்லாதவை) உருவாகப் பெரும்பாலும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகும்.

---

பதில் 2: மருந்துச்சீட்டு

மேலே சொன்னவர் விட்ட இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன்.

97% தோல்வி என்பதன் வேர் 2004-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு கட்டுரை. வயது வந்தோரின் 22 வகைப் புற்றுநோய்களில், ஐந்தாண்டு உயிர்வாழ்வுக்குக் கீமோதெரபியின் பங்கு ஆஸ்திரேலியாவில் 2.3%, அமெரிக்காவில் 2.1% என்று அது மதிப்பிட்டது. 100-இல் 2.1-ஐக் கழித்து "97% தோல்வி" என்று யாரோ மாற்றிவிட்டார்கள். கட்டுரை அப்படிச் சொல்லவில்லை.

வகுக்கும் எண்ணைப் பாருங்கள். அந்த 22 வகை நோய் வந்த எல்லோரும் அதில் இருக்கிறார்கள், கீமோதெரபி தேவைப்படாதவர்களும் சேர்த்து. 100 நோயாளிகளில் 60 பேர் அறுவை சிகிச்சையால் மட்டும் குணமாகிறார்கள், 10 பேருக்குக் கீமோ தருகிறோம், அந்தப் பத்தில் 3 பேர் அதனாலேயே பிழைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீமோவின் பங்கு 100-இல் 3, அதாவது 3%. ஆனால் கீமோ பெற்றவர்களைக் கேட்டால் 10-இல் 3, அதாவது 30%. "97% தோல்வி" என்பது, மாத்திரையே சாப்பிடாத 90 பேரையும் மாத்திரை கைவிட்டவர்களாக எண்ணுவது.

மேலும், கீமோ நன்றாகக் கேட்கும் இரத்தப் புற்றுநோய்களை அந்தக் கட்டுரை சேர்க்கவேயில்லை. அறுவைக்கு முன் கட்டியைச் சுருக்குவது, வலியையும் மூச்சுத்திணறலையும் தணிப்பது போன்ற பயன்கள் ஐந்தாண்டு உயிர்வாழ்வுக் கணக்கில் வராது. குழந்தைகளுக்கு வரும் கடும் நிணநீரணு இரத்தப் புற்றுநோயில் 1960-களில் ஐந்தாண்டு பிழைத்தவர்கள் 10 விழுக்காட்டுக்கும் கீழ். இன்று வசதியுள்ள நாடுகளில் சுமார் 90%. அந்த மாற்றத்தின் முதுகெலும்பு கூட்டுக் கீமோதெரபிதான்.

இதில் ஒன்றைக் கவனமாக எழுதுங்கள். கீமோவால் சில நோய்களில், சில நிலைகளில் சில மாதங்கள்தான் கூடும். "கீமோ எல்லோருக்கும் பலன் தரும்" என்று பதிலுக்குப் பதில் எழுதிவிட்டால் அதுவும் பொய்.

சர்க்கரைக் கதைக்கு வேர் ஓட்டோ வார்பர்க். ஆக்சிஜன் இருக்கும்போதே கட்டிகள் குளுக்கோஸை நொதிக்கச் செய்து லாக்டிக் அமிலமாக்குகின்றன என்று 1920-களில் கண்டவர். 1931-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது சுவாச நொதியைப் பற்றிய ஆய்வுக்கு. புற்றுநோய்க்கு மருந்து கண்டதற்கு அல்ல. அவர் கண்டது உண்மை, குளுக்கோஸை அதிகம் இழுக்கும் இடத்தைப் படமாக்கிக் கட்டியைக் காட்டும் பெட் ஸ்கேன் இயங்குவதும் அந்த அடிப்படையில்தான். ஆனால் சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்கும் என்பது அதிலிருந்து வராது. உணவில் ஒரு துளி இனிப்பு இல்லாவிட்டாலும் கல்லீரல் புரதத்திலிருந்தும் கொழுப்பின் கிளிசராலிலிருந்தும் குளுக்கோஸ் செய்து இரத்தத்தில் விடும். மூளைக்கு அது வேண்டும். பட்டினி முதலில் தின்பது நோயாளியின் தசையை. சிகிச்சையின்போது எடை இழப்பவர்கள் மருந்தளவைத் தாங்க முடியாமல் சுற்றுகளைத் தள்ளிப்போட வேண்டி வருகிறது. இந்த வதந்தி செய்யும் நேரடித் தீங்கு இதுதான், பதிலில் கட்டாயம் சொல்லுங்கள். அதோடு உண்மைப் பகுதியையும் கொடுங்கள்: மிகை உடல் எடைக்கும் 13 வகைப் புற்றுநோய்களுக்கும் தொடர்பு உறுதியாகியிருக்கிறது. எடை கூட்டும் இனிப்பைக் குறைக்கச் சொல்வது சரியான அறிவுரை, காரணம்தான் வேறு.

காரத்தன்மை பற்றி: இரத்தத்தின் பி.ஹெச். (அமில–கார அளவு) 7.35-க்கும் 7.45-க்கும் இடையே. நுரையீரலும் சிறுநீரகமும் அதை விடாமல் காக்கின்றன. உணவு மாற்றினால் மாறுவது சிறுநீர். அது 4.5 முதல் 8 வரை போகும். வண்ணத்தாளை நனைத்து "உடல் காரமாகிவிட்டது" என்று காட்டும் காணொளிகள் காட்டுவது இதைத்தான். கட்டியைச் சுற்றி அமிலம் இருப்பதும் உண்மையே. கட்டி வெளியேற்றும் லாக்டிக் அமிலத்தால் அது வருகிறது, விளைவைக் காரணமாக்கிவிட்டார்கள். சமையல் சோடாவை அள்ளிக் குடித்தால் பொட்டாசியம் சரிந்து இதயத் துடிப்பு தடுமாறும், கட்டிக்கு ஒன்றும் ஆகாது.

மூலிகையோ பழமோ "கீமோவைவிட இத்தனை ஆயிரம் மடங்கு வீரியம்" என்று வந்தால், சோதனை எதில் நடந்தது என்று முதலில் பாருங்கள். ஆய்வகத் தட்டில் வளர்த்த அணுக்களை அடர்த்தியான உப்புக் கரைசலும் கொல்லும். தட்டு, எலி, சிறு மனிதச் சோதனை, பெரிய ஒப்பீட்டுச் சோதனை என்ற படிகளில் எந்தப் படியில் நிற்கிறது என்று ஒரு வரி எழுதினால் போதும். கடைசிப் படி வரை போய்த் தோற்றவையும் உண்டு. "வைட்டமின் பி17" என்று விற்கப்படும் லேட்ரைலை 178 நோயாளிகளிடம் சோதித்த முடிவு 1982-இல் வெளியானது. குணம் இல்லை, ஆயுள் கூடவில்லை, சிலருக்கு இரத்தத்தில் சயனைடு நஞ்சளவை நெருங்கியது. அது வைட்டமினும் அல்ல.

---

இளவேனில்

இருவருக்கும் மிக்க நன்றி. இதை வைத்து ஒரு வரைவு எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

"கேன்சர் பெருகிவிட்டதா? கைபேசிதான் காரணமா? இல்லவே இல்லை! கேன்சர் கூடவில்லை, ஆயுள்தான் கூடியிருக்கிறது. பயப்படாதீர்கள். முன்கூட்டியே கண்டுபிடித்தால் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 90 விழுக்காட்டுக்கு மேல். எல்லாப் பரிசோதனைகளையும் ஆண்டுதோறும் செய்துகொள்ளுங்கள். மூன்றில் இரண்டு கேன்சர் வெறும் துரதிர்ஷ்டத்தால் வருவது என்று விஞ்ஞானிகளே சொல்லியிருக்கிறார்கள்."

---

பதில் 3: நேர்கோடு

நோக்கம் நல்லது. ஆனால் இதில் நான்கு இடங்களில் நீங்களே தவறான தகவல் தருகிறீர்கள். நாளை யாராவது பிடித்துவிட்டால் உங்கள் மற்றக் குறிப்புகளையும் நம்ப மாட்டார்கள்.

"கூடவில்லை" என்பது தவறு. மொத்த எண்ணிக்கை கூடியிருக்கிறது. 2022-இல் உலகெங்கும் ஏறத்தாழ 2 கோடிப் பேருக்குப் புதிதாக வந்தது, 97 லட்சம் பேர் இறந்தார்கள். வயது சரிக்கட்டிய பின்னும் சில வகைகள் ஏறுகின்றன, சில இறங்குகின்றன. 50 வயதுக்குக் கீழ் பெருங்குடல் புற்றுநோய் பல நாடுகளில் உண்மையாகவே ஏறுகிறது. அதனால்தான் 2021-இல் அமெரிக்க நோய்த்தடுப்புப் பரிந்துரைக் குழு ஸ்கிரீனிங் (அறிகுறி இல்லாதவர்களிடம் நோயைத் தேடும் பரிசோதனை) தொடங்கும் வயதை 50-லிருந்து 45-க்கு இறக்கியது. "எது கூடுகிறது, எந்த வயதில்" என்று எழுதுங்கள்.

90% உயிர்வாழ்வு என்ற எண்ணை ஸ்கிரீனிங்கின் பலனாகக் காட்டக் கூடாது. ஒருவருக்கு 66 வயதில் அறிகுறி தெரிந்து, 69-இல் இறக்கிறார். ஐந்தாண்டு தாண்டவில்லை. அவரையே 62-இல் பரிசோதனையில் கண்டுபிடித்து, சிகிச்சை பலிக்காமல் அதே 69-இல் இறந்தால் ஏழாண்டு "உயிர்வாழ்ந்தவர்" ஆகிவிடுகிறார். ஒரு நாள்கூட ஆயுள் கூடவில்லை, நோயாளியாக இருந்த காலம்தான் கூடியது. இதோடு, ஒருபோதும் கொல்லாத கட்டிகளையும் தேடிப் பிடித்தால் விழுக்காடு இன்னும் ஏறும். தென் கொரியாவில் தைராய்டு ஸ்கேன் பரவிய பின் 2011-இல் தைராய்டு புற்றுநோய் விகிதம் 1993-ஐப் போல 15 மடங்கானது. இறப்பு விகிதம் அசையவில்லை. கண்டுபிடிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சுரப்பியை முழுதாகவோ பகுதியாகவோ அகற்றினார்கள், பலர் வாழ்நாள் முழுக்க மாத்திரை. ஸ்கிரீனிங் பயன் தருகிறதா என்று கேட்டால் ஐந்தாண்டு உயிர்வாழ்வைப் பார்க்கக் கூடாது, இறப்பு விகிதம் குறைந்ததா என்று பார்க்க வேண்டும். சிகிச்சை முன்னேறியதை அளக்கும்போதுகூட, இரண்டு காலத்திலும் ஒரே நோய்நிலையில் கண்டறியப்பட்டவர்களை ஒப்பிட்டால்தான் உயிர்வாழ்வு எண் எதையாவது சொல்லும்.

"எல்லாப் பரிசோதனைகளையும்" என்பதை எடுத்துவிடுங்கள். கருப்பைவாய், பெருங்குடல், மார்பகம், நெடுநாள் அதிகம் புகைத்தவர்களுக்குக் குறைந்த கதிர்வீச்சு நுரையீரல் ஸ்கேன் ஆகியவற்றுக்கு உறுதியான சான்று இருக்கிறது, அதுவும் குறிப்பிட்ட வயதில், குறிப்பிட்ட இடைவெளியில். மற்றவற்றுக்கு ஒரு கணக்கு: 1,000 பேரில் 8 பேருக்கு நோய், சோதனை நோயுள்ளவரில் 90 விழுக்காட்டைப் பிடிக்கும், நோயில்லாதவரில் 7 விழுக்காட்டைத் தவறாகக் காட்டும் என்றால், 7 பேர் சரியாகவும் 69 பேர் வீணாகவும் அழைக்கப்படுவார்கள். "பாசிட்டிவ்" வந்த 76 பேரில் நோய் இருப்பது 7 பேருக்கு. இதை முன்பே சொல்லாவிட்டால் அந்த 69 பேரின் தூக்கம் போவதற்கு நாம் பொறுப்பு.

"மூன்றில் இரண்டு துரதிர்ஷ்டம்" என்பது 2015-இல் வந்த ஓர் ஆய்வைச் செய்தித்தாள்கள் தவறாகப் படித்தது. ஒரு உறுப்பில் புற்றுநோய் அதிகம், இன்னொன்றில் குறைவு என்ற வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் குருத்தணுக்கள் (உறுப்பின் புது அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்கள்) பிரியும் எண்ணிக்கையோடு பொருத்திப் பார்க்க முடிகிறது என்றுதான் அது சொன்னது. "மூன்றில் இரண்டு நோயாளிகள்" என்று சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 30 முதல் 50 விழுக்காடு வரை தடுக்கக்கூடியவை. புகையிலை, மது, மிகை எடை, கிருமித்தொற்று இவையே பெரும்பங்கு. துரதிர்ஷ்டம் என்று எழுதினால் புகைப்பவருக்குச் சாக்குக் கிடைக்கும். அதற்காக "எல்லாம் உன் பழக்கத்தால் வந்தது" என்று மறுபக்கமும் சாயாதீர்கள். எந்தப் பழக்கமும் இல்லாமல் நோய் வந்தவர்களும் இதைப் படிப்பார்கள்.

---

பதில் 4: சொல்வளம்

எழுதும் முறை பற்றிக் கேட்டிருந்தீர்கள். வரைவின் பெரிய குறை அதன் முதல் வரி. "கைபேசிதான் காரணமா?" என்று வதந்தியையே தலைப்பாக்கியிருக்கிறீர்கள். பாதிப் பேர் தலைப்போடு நின்றுவிடுவார்கள். மீண்டும் மீண்டும் கேட்டது உண்மை போலத் தோன்றும் என்பது உளவியல் சோதனைகளில் திரும்பத் திரும்ப உறுதியானது. எனவே முதல் வாக்கியம் உண்மையாக இருக்கட்டும். அடுத்து "ஒரு தவறான செய்தி சுற்றுகிறது" என்று எச்சரித்து, வதந்தியை ஒரே ஒரு முறை சொல்லுங்கள். பிறகு எண் எங்கே வழுக்கியது என்று விளக்குங்கள். விளக்கம் இல்லாத மறுப்பு நிற்காது, பழைய காரணத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை என்றால் பழையதே திரும்ப வந்து உட்காரும். இறுதியில் உண்மையை மறுபடி ஒரு வரியில்.

இறைச்சிக்கு இப்படி எழுதலாம்:

"தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்பது பெருங்குடல் புற்றுநோய் அபாயத்தைச் சற்றுக் கூட்டுகிறது: வாழ்நாளில் 1,000 பேரில் 50 பேருக்கு வரும் இடத்தில் சுமார் 59 பேருக்கு. இது சிகரெட்டுக்குச் சமம் என்ற தவறான செய்தி பரவுகிறது. இரண்டும் ஒரே பட்டியலில் இருப்பது, சான்று இரண்டுக்கும் உறுதி என்பதால். ஆபத்தின் அளவு ஒன்றல்ல: சிகரெட் நுரையீரல் புற்றுநோயை 15 முதல் 30 மடங்காக்குகிறது. இறைச்சியைக் குறைப்பது நல்லது, புகையை நிறுத்துவது அதைவிடப் பன்மடங்கு நல்லது."

எண்களைக் கொடுக்கும்போது வகுக்கும் எண்ணை மாற்றாதீர்கள். "200-இல் ஒருவர், 25-இல் ஒருவர்" என்று எழுதினால் 200 பெரிய எண் என்பதால் அதுவே அதிக ஆபத்து என்று பலர் படிப்பார்கள். 1,000-இல் 5, 1,000-இல் 40 என்று எழுதுங்கள். வதந்திப் படத்தைப் பகிர்வதானால் அதன் நடுவே குறுக்காகத் "தவறு" என்று எழுதுங்கள், ஓரத்தில் எழுதினால் வெட்டிவிட்டு அனுப்புவார்கள். ஒவ்வொரு குறிப்பிலும் தேதி போடுங்கள். காபி 1991-இல் 2பி-யில் இருந்தது, 2016-இல் 3-க்கு மாற்றப்பட்டது. அதே மதிப்பீட்டில் 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான பானம் எதுவானாலும் 2ஏ-யில் வந்தது. தேதியில்லாத பழைய குறிப்பு நாளை நம் பெயரிலேயே வதந்தியாகும்.

ஆய்வின் பெயரைச் சொல்லிப் படம் வந்தால், அந்தக் கட்டுரை பின்னர் திரும்பப் பெறப்பட்டதா என்று இதழின் பக்கத்திலேயே பாருங்கள். பெரிய கட்டிகளோடு இருக்கும் எலிகளின் படம் இன்னும் சுற்றுகிறது. மரபணு மாற்றிய சோளம் பற்றிய 2012-ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து வந்தது அது. இதழ் 2013-இல் அதைத் திரும்பப் பெற்றது, 2014-இல் வேறோர் இதழ் மறுபடி வெளியிட்டது. ஒரு குழுவுக்குப் பத்தே எலிகள். அந்த எலி இனத்துக்கு இரண்டு வயதில் எதுவும் கொடுக்காமலே கட்டிகள் அதிகம் வரும்.

---

மருந்துச்சீட்டு

ஒன்று விட்டுப்போயிற்று. சில நேரம் இந்தச் செய்திகளை அனுப்பிக் கேட்பவர் நோயாளியாகவோ அவர் வீட்டாராகவோ இருப்பார். அவருக்கு மேலே உள்ள வடிவில் பதில் அனுப்பாதீர்கள். முதலில் கேட்க வேண்டியது: சிகிச்சை நடக்கிறதா, மருந்தின் பெயர் என்ன, இதை ஏற்கனவே சாப்பிடத் தொடங்கிவிட்டீர்களா. தொடங்கியிருந்தால் அதட்டாமல், பொட்டலத்தையோ புட்டியையோ அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, இரினோடெகான் என்ற கீமோ மருந்தின் செயல்படும் வடிவத்தை இரத்தத்தில் 42% குறைத்தது என்று சோதனையில் கண்டிருக்கிறார்கள். மருந்து ஏறிக்கொண்டே இருக்கும், வேலை நடக்காது. திட்டினால் அவர் அதை மறைத்துச் சாப்பிடுவார், மருத்துவருக்குத் தெரியவே வராது.

சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று முறைக்கு மட்டும் போகலாமா என்று கேட்டால் ஓர் எண் கொடுக்கலாம். பரவாத நிலையில் இருந்த மார்பக, புராஸ்டேட், நுரையீரல், பெருங்குடல் புற்றுநோயோடு மாற்று முறையை மட்டும் தேர்ந்த 281 பேரை, வழக்கமான சிகிச்சை பெற்ற ஒத்த நோயாளிகளோடு ஒப்பிட்டு 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. இறக்கும் அபாயம் அவர்களுக்கு 2.5 மடங்கு, மார்பகப் புற்றுநோயில் 5 மடங்குக்கும் மேல். அது குலுக்கல் முறையில் பிரித்த சோதனை அல்ல, பதிவுகளை வைத்துச் செய்த ஒப்பீடு என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். பிறகு, அவரை எது பயமுறுத்துகிறது என்று கேளுங்கள். வாந்தி, முடி கொட்டுவது, செலவு, பயாப்ஸி (சோதனைக்குத் திசு எடுப்பது) ஊசியால் நோய் பரவிவிடும் என்ற அச்சம், இவற்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். பயாப்ஸிக்கு: ஊசித்தடத்தில் பரவுவது சில கட்டிகளில் மிக அரிதாக உண்டு. அதனால்தான் விரையில் கட்டி என்றால் ஊசி குத்தாமல் அறுவையிலேயே எடுக்கிறார்கள், அந்த வேறுபாடு மருத்துவருக்குத் தெரியும். வாந்திக்கு: சுற்று தொடங்கும் முன்பே தரும் மருந்துகள் இருக்கின்றன, முதல் சுற்றில் போதவில்லை என்றால் இரண்டாவதுக்கு முன் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம்.